மரக்கன்று நட்டால் போதுமா? கத்தோலிக்கப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் பொறுப்பு: ஒரு விளக்கம்

செப்டம்பர் பிறந்ததும் பல கத்தோலிக்கப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் 'படைப்பின் காலம்' என்று அறிவிப்பு வருகிறது. பிள்ளைகள் விதைப்பந்து உருட்டுகிறார்கள், மஞ்சப்பை கொண்டுவருகிறார்கள். பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கையில் 'லௌதாத்தோ சி' என்ற சொல் இருக்கிறது. பெற்றோரில் பலர் கத்தோலிக்கர் அல்லர். இது அரசுத் திட்டமா, ரோமிலிருந்து வந்த உத்தரவா, பள்ளி தானாகச் செய்வதா என்ற குழப்பம் இயல்பானதுதான். கத்தோலிக்கப் பெற்றோரிலும் பலருக்கு இதே கேள்வி உண்டு.

இதில் அரசின் பங்கும் இருக்கிறது, திருச்சபையின் பங்கும் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளி உண்மையிலேயே மாறுமா என்பதை முடிவு செய்யும் இடம் இரண்டுக்கும் வெளியே, பள்ளி அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

லௌதாத்தோ சி என்பது என்ன

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் 2015 ஜூன் 18 அன்று வெளியிட்ட திருமடலின் பெயர் அது. தமிழில் 'இறைவா உமக்கே புகழ்' என்று வழங்குகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 13-ம் நூற்றாண்டில் இயற்றிய படைப்புகளின் பாடலில் வரும் தொடர் அது. திருமடல் என்பது திருத்தந்தை தம் போதனை அதிகாரத்தோடு எழுதும் நீண்ட கடிதம். வழக்கமாக ஆயர்களையும் (பிஷப்புகள்) இறைமக்களையும் நோக்கி எழுதப்படும். இந்தத் திருமடலோ, பூமியில் வாழும் எல்லாரையும் நோக்கிப் பேசுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

திருச்சபை இதைப் பேசியது அதுதான் முதல்முறை என்று நினைக்க வேண்டாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ல் அசிசியாரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1990 புத்தாண்டு அமைதிச் செய்தி முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2008-ல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் 2,400 சூரியத் தகடுகள் ஏறின. செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான இறைவேண்டல் நாளாக 1989-ல் தொடங்கிவைத்தவர் கிழக்கு மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ். கத்தோலிக்கத் திருச்சபை அதை 2015-ல் ஏற்றது. அன்று தொடங்கி, அசிசியார் திருநாளான அக்டோபர் 4 வரை நீள்வதுதான் படைப்பின் காலம்.

2025 ஏப்ரலில் பிரான்சிஸ் மறைந்தார். அதோடு இந்த முயற்சியும் ஓய்ந்துவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. திருத்தந்தை பதினான்காம் லியோ அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ரோமுக்கு அருகில் உள்ள காஸ்தல் கந்தோல்ஃபோவில் லௌதாத்தோ சி பெயரிலான சூழலியல் பயிற்சி வளாகத்தைத் திறந்துவைத்தார்.

'பொறுப்பாளர்' என்ற கருத்து

மனிதர் பூமியை ஆள வேண்டும் என்று விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரம் சொல்கிறது. தோட்டத்தைப் பண்படுத்திப் பாதுகாக்க மனிதர் அங்கே வைக்கப்பட்டார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. நூற்றாண்டுகளாக முதலாவதே உரக்கக் கேட்டது. லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967-ல், இயற்கைச் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவச் சிந்தனையும் ஒரு காரணம் என்று எழுதியபோது பெரிய விவாதம் கிளம்பியது. அதே கட்டுரையின் முடிவில், அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக அவர் முன்மொழிந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திருச்சபையும் அதையே செய்தது. விமர்சகர் சொன்னதும் திருச்சபை செய்ததும் இவ்வளவு பொருந்திவருவது அபூர்வம்.

லௌதாத்தோ சி இரண்டாம் அதிகாரத்தின் பக்கம் நிற்கிறது. நிலமும் நீரும் நம்முடையவை அல்ல. நம் பொறுப்பில் விடப்பட்டவை. பொறுப்பாளர் ஒருநாள் கணக்குக் காட்ட வேண்டியவர். பள்ளிக்கு இதைப் பொருத்தினால் எதற்கு எவ்வளவு செலவாகிறது, எது வீணாகிறது, யார் பாதிக்கப்படுகிறார்கள் என்ற பட்டியல்தான் முதலில் வேண்டும். நெகிழவைக்கும் சொற்பொழிவு அதற்கு அப்புறம்.

பள்ளிகள் பொதுவாக மேற்கோள் காட்டுவது திருமடலின் 211-ம் பத்தியை. தேவையற்ற விளக்கை அணைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, குப்பையைப் பிரிப்பது, மரம் நடுவது போன்ற சிறு செயல்களை அது பாராட்டுகிறது. எட்டுப் பத்தி தள்ளி 219-ல், தனிமனிதர் திருந்துவது மட்டும் இன்றைய சிக்கலுக்குப் போதாது, சமூகமாகச் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்று வருகிறது. சுவரொட்டிகளில் 211 இருக்கும், 219 இருக்காது. பிள்ளையிடம் விளக்கை அணைக்கச் சொல்வது எளிது. மின்கட்டணத்தைப் பொதுவில் வைப்பது கடினம்.

செயல்தளம்: கட்டாயமா, விருப்பமா

திருமடலை நடைமுறைக்குக் கொண்டுவர வத்திக்கான் 2021-ல் 'லௌதாத்தோ சி செயல்தள'த்தைத் தொடங்கியது. குடும்பங்கள், பங்குகள் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகங்கள்), மருத்துவமனைகள், துறவற சபைகள் உள்ளிட்ட ஏழு பிரிவினர் அதில் சேரலாம். கல்வி நிறுவனங்கள் அவற்றில் ஒன்று. ஏழு ஆண்டுப் பயணமாக வகுத்து, ஏழு இலக்குகள் வைத்திருக்கிறார்கள்:

1. பூமியின் அழுகுரலுக்குச் செவிகொடுத்தல்
2. ஏழைகளின் அழுகுரலுக்குச் செவிகொடுத்தல்
3. சூழலுக்கு இசைந்த பொருளாதாரம்
4. எளிய வாழ்க்கைமுறை
5. சூழலியல் கல்வி
6. சூழலியல் ஆன்மிகம்
7. சமூகத்தின் தாங்குதிறனும் பங்கேற்பும்

சேர்வது விருப்பம். சேராத பள்ளிக்குத் தண்டனை இல்லை. சேர்ந்த பள்ளி தன்னைத் தானே மதிப்பிட்டு, திட்டம் எழுதி, ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் வந்து மீட்டரைப் படிப்பதில்லை. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் பள்ளிகளுக்குக் கைவந்த கலை; பாட்டு, நாடகம், ஓவியப் போட்டி என்று ஒரு மாதத்தை நிரப்பிவிடலாம். மூன்றாவது இலக்கைத் தொட்டால் கொள்முதல், வங்கிச் சேமிப்பு, கட்டட ஒப்பந்தம் எல்லாம் மேசைக்கு வரும். அதனால் அது பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளப்படும்.

அரசு விதிகள் வேறு வகை. அவை விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பள்ளிகளையும் வழிபாட்டுத் தலங்களையும்கூடப் பெருமளவு கழிவு உருவாக்குவோர் பட்டியலில் சேர்த்தன. ஆக, 'நாங்கள் லௌதாத்தோ சி பள்ளி' என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி, சட்டப்படி எப்படியும் செய்ய வேண்டியதே.

பள்ளியில் யார் முடிவெடுக்கிறார்கள்

பசுமை மன்றத்துக்கு ஓர் ஆசிரியர், நாற்பது மாணவர், ஒரு பதாகை. பெரிய முடிவுகள் இவர்கள் கையில் இல்லை.

1. நிலமும் கட்டடமும் மறைமாவட்டத்துக்கோ (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) துறவற சபைக்கோ சொந்தம். புதிய கட்டடம், மரம் வெட்டுதல், ஆழ்துளைக் கிணறு எல்லாம் அங்கேதான் முடிவாகும்.
2. அன்றாடச் செலவில் கையெழுத்துப் போடுபவர் தாளாளர். அவர் பெரும்பாலும் அருட்பணியாளர் அல்லது அருட்சகோதரி. சில ஆண்டுகளில் பணியிட மாற்றம் வரும். ஒருவர் தொடங்கிய உரக்குழியை அடுத்தவர் மூடிவிடுவது இப்படித்தான்.
3. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடப் பராமரிப்புச் சுமை நிர்வாகத்தின் தலையில். மெட்ரிக் பள்ளியில் கட்டணம் வருகிறது. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்தால், சூரியத் தகடு எந்தக் கூரையில் ஏறுகிறது என்று பாருங்கள்.

பள்ளி, கல்லூரிகள் பல நடத்தும் துறவற சபையான இயேசு சபை 2019-ல் பத்தாண்டுக்கான தன் நான்கு முன்னுரிமைகளை அறிவித்தபோது, பொது இல்லமான பூமியைப் பேணுவதை அதில் ஒன்றாக வைத்தது. சபை அளவில் இப்படி ஒரு முடிவு இருந்தால் தாளாளர் மாறினாலும் திட்டம் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஆயிரம் மாணவர், நாற்பது வகுப்பறை உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். பின்வருபவை மாதிரிக் கணக்குகள். பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகளை வைத்துப் போட்டவை.

1. தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையிலிருந்து, வழியில் வீணாவது போக, 11 லட்சம் லிட்டர் கிடைக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் பகல்நேரப் பள்ளிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு ஆளுக்கு 45 லிட்டர். ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 45,000 லிட்டர். அதாவது மொத்த மழையும் 25 நாள் பாட்டுக்குத்தான் வரும்.

அந்த மழையும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 50,000 லிட்டர் தொட்டி கட்டினால் 60 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் நிரம்பிவிடும். ஆகவே தொட்டி மட்டும் தீர்வாகாது. மிச்ச நீர் நிலத்துக்குள் இறங்க வேண்டும். இங்கேதான் பல பள்ளிகள் தங்கள் காலில் தாங்களே கோடாரியைப் போட்டுக்கொள்கின்றன: மைதானத்தைச் சுத்தமாகக் காட்ட, சுவருக்குச் சுவர் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். நீர் இறங்க வழியில்லை, வெயிலில் தரை கொதிக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு ஊரே காத்திருந்ததை நினைத்தால், மண் தரையை விட்டுவைத்திருக்கும் பள்ளி ஏழையாகத் தெரியாது.

2. மின்சாரம். 10 கிலோவாட் சூரியத் தகடுக்கு ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி கூரை வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் நாளுக்குச் சராசரி 40 யூனிட், ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 10 டன் மிச்சம். நல்லதுதான். ஆனால் தகடு நன்றாக மின்சாரம் தரும் கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும். அந்த மின்சாரம் கட்டமைப்புக்குத் திரும்பி, அதற்குரிய கணக்கும் பள்ளிக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஆதாயத்தில் ஒரு பகுதி போய்விடும்.

விளம்பரம் குறைவான வேறொரு வழி இருக்கிறது. வகுப்புக்கு நான்கு மின்விசிறி என்றால் மொத்தம் 160. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற மின்சிக்கன மோட்டார் உள்ள விசிறி 30 வாட்டுக்குள் ஓடும். நாளுக்கு ஏழு மணி நேரம், 200 நாள் என்றால் ஆண்டுக்கு 10,000 யூனிட் மிச்சம். ஏறத்தாழ 7 கிலோவாட் தகடு தரும் அளவு. விசிறிக்குத் திறப்பு விழா வைக்க முடியாது, அதனால்தானோ என்னவோ இது யார் கண்ணிலும் படுவதில்லை.

3. பேருந்து. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஒரு பள்ளிப் பேருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 7 டன் வெளியிடும். மேலே சொன்ன 10 டன் மிச்சத்தை ஒன்றரைப் பேருந்து தின்றுவிடும். அதற்காகப் பேருந்தை நிறுத்தினால் பெற்றோர் தனித்தனியாகக் காரிலும் ஸ்கூட்டரிலும் வருவார்கள், அது இன்னும் மோசம். பாதையைச் சுருக்குவது, பக்கத்து ஊர் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தருவது ஆகியவைதான் வழி. இரண்டாவது சேர்க்கைக் கொள்கை. அதைச் சுற்றுச்சூழல் கேள்வியாக யாரும் பார்ப்பதில்லை.

4. மரம். வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது தோராயக் கணக்கு. மரத்துக்கு மரம் மாறும். 10 டன்னுக்கு 500 வளர்ந்த மரம் வேண்டும். விழாவில் நட்ட ஐம்பது கன்றில் எத்தனை அடுத்த ஜூன் வரை பிழைக்கின்றன என்பது வேறு கேள்வி. மரம் நடுவதற்கு நிழல், பறவை, குளிர்ச்சி என்று எத்தனையோ நல்ல காரணம் உண்டு. கரியமிலக் கணக்கு அதில் பலவீனமான காரணம்.

5. பிளாஸ்டிக்கும் காகிதமும். நோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டை, ஆண்டு விழா ஃபிளெக்ஸ், மேடைத் தெர்மோகோல், விருந்தினருக்குப் போர்த்தும் பாலியெஸ்டர் பொன்னாடை. எல்லாமே பள்ளியின் ஒரு சுற்றறிக்கையில் நின்றுவிடக்கூடியவை.

ஏழைகளின் குரல் எங்கே வருகிறது

லௌதாத்தோ சி மற்றப் பசுமைத் திட்டங்களிலிருந்து பிரியும் இடம் இது. பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் ஒன்றாகக் கேட்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பள்ளிக்குள் இதன் பொருள் என்ன?

வெயில் கடுமையாக இருந்ததால் 2023-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் பாதியில்தான் திறந்தன. 2024-லும் திறப்பு தள்ளிப்போனது. குளிர்சாதன வகுப்பறைக்குப் பணம் கட்டுபவர் ஒரு கட்டடத்தில், தகரக் கூரையின் கீழ் படிப்பவர் இன்னொரு கட்டடத்தில் என்றால், வெப்பத்தின் சுமை யார் மேல் விழுகிறது என்று சொல்லத் தேவையில்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க ஆகும் செலவு குளிர்சாதனத்தை விட எவ்வளவோ குறைவு. குப்பையைப் பிரிக்க மாணவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசியில் கையுறையில்லாமல் அதைக் கிளறுபவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்தால் இரண்டாவது இலக்கு அங்கேயே தோற்றுவிட்டது.

கன்னியாகுமரி, தூத்துக்குடி கடற்கரைப் பள்ளிகளில் இது பாடப்புத்தகச் செய்தியாக இல்லை. 2004 ஆழிப்பேரலையும் 2017 ஒக்கிப் புயலும் அங்கே பிள்ளைகளின் சொந்த வீட்டுக் கதை. கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தின் மையமாக இருந்தது இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம். சுற்றுச்சூழல் அரசியலாகும்போது பள்ளி எங்கே நிற்பது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. உரிமம், உதவித்தொகை, வழக்கு என்று நிர்வாகத்துக்குப் பயப்படக் காரணங்கள் உண்டு. அதனால்தான் பசுமை மன்றங்கள் யாரையும் உறுத்தாத விதைப்பந்தோடு நின்றுவிடுகின்றன.

கையில் இருக்கும் பழைய சொத்து

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு இதில் ஒரு நல்ல மரபு இருக்கிறது, அதை யாரும் விழாக்களில் சொல்வதில்லை. கொடைக்கானல் செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய இயேசு சபை இல்லத்தில் பழனி மலையின் செடிகளும் உயிரினங்களும் சேகரிக்கப்பட்டன. அங்குள்ள அருங்காட்சியகத்தை இன்றும் பார்க்கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-ல் அருட்பணி கே. எம். மேத்யூ நிறுவிய ராபினாட் உலர்தாவரகம் (உலர்த்திய தாவர மாதிரிகளின் சேமிப்பகம்), தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெரும் ஆய்வுக்கு அடித்தளமானது.

பள்ளி வளாகத்தில் நிற்கும் மரங்களுக்கு ஒரு பதிவேடு எழுதப் பெரிய ஆய்வகம் வேண்டாம். எது புங்கன், எது இலுப்பை, எது மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதலாம். வேகமாக வளர்கிறது என்று நட்ட கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்துக்கு குஜராத் அரசு 2023-ல் தடை விதித்தது. பெயர் தெரியாமல் நடுவதன் விளைவு இதுதான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும்; இரண்டு பிரிவும் சேர்ந்து உட்காரக்கூடிய வேலை இது.

பெற்றோர் எதைக் கேட்கலாம்

ஒரு பள்ளியின் பசுமைப் பேச்சு எவ்வளவு உண்மை என்று அறிய, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. கடந்த மூன்று ஆண்டின் மின்கட்டணமும் லாரித் தண்ணீர்ச் செலவும் எவ்வளவு?
2. சருகு எங்கே போகிறது? உரக்குழிக்கா, நெருப்புக்கா?
3. போன ஆண்டு நட்ட கன்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?
4. அடுத்த கட்டடத்தின் வரைபடத்தில் காற்றோட்டமும் நிழலும் பார்க்கப்பட்டனவா?
5. தாளாளர் மாறினால் இந்தத் திட்டம் எந்த ஆவணத்தில் இருக்கும்?

முதல் மூன்றுக்கு அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் பதில் எடுக்கலாம். நான்காவதற்குக் கட்டடப் பொறியாளரும் நிர்வாகமும் உட்கார வேண்டும். ஐந்தாவதற்கு மறைமாவட்டமோ சபையோ எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்ட பெற்றோர் அதை மனுவாகவே ஆயர் இல்லத்துக்கோ சபையின் மாநிலத் தலைமைக்கோ அனுப்பலாம்.